பினாங்கு வரைக்கும் கேட்டது

ஒரு வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் அதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். தெரியாதவர்கள்தான் சங்கம் வைத்து, தலைவரைத் தேர்ந்தெடுத்து, மாதாமாதம் அதைப் பற்றிக் கூட்டம் போடுவார்கள். இந்தப் பேருண்மையை எண்பதுகளின் தொடக்கத்தில், சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சமூக மன்றத்தின் மாடி அறையில் நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த பிறகும் விலகவில்லை. அதற்குள் என்னைத் துணைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

இப்போது பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் என் மகள் சனிக்கிழமை தோறும் கணினி முன்னால் உட்கார்ந்து, எந்தெந்த நாட்டிலோ இருக்கிற நகை செய்பவர்களோடு கூடிப் பேசுகிறாள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். ஒருவர் வெள்ளிக் கம்பியை வளைக்க, மற்றவர்கள் பார்க்கிறார்கள். "இதெல்லாம் புதுசும்மா, உங்களுக்குப் புரியாது" என்கிறாள். புதுசாவது! நாங்கள் இதைக் கணினி இல்லாமலே செய்தோம். முகம் இல்லாமல், படம் இல்லாமல், வெறும் தொலைபேசியில். (செய்தோம் என்றுதான் சொன்னேன். உருப்பட்டது என்று சொல்லவில்லை.)

எங்கள் சங்கத்தின் பெயர் 'பொற்கலை அன்பர் வட்டம்'. பொன்னை யாரும் தொட்டதில்லை. தேக்காவில் வாங்கிய வெள்ளிக் கம்பியோடுதான் எங்கள் போராட்டம். தலைவர் குணசீலன் ஐயா காப்புறுதி முகவர். நகைக் கலைக்கும் அவருக்கும் இருந்த ஒரே தொடர்பு, விரல்களில் அவர் போட்டிருந்த மோதிரங்கள். ஆனால் செந்தமிழில் பேசுவார், நிறுத்தாமல் பேசுவார். அது போதும் தலைவராவதற்கு. வட்டத்தில் உண்மையிலேயே எதையாவது செய்யத் தெரிந்தவர் லெட்சுமி அக்கா ஒருவர்தான். மருத்துவமனைத் தாதி. கை நடுங்காது.

நான்? ரோசி, கப்பல்களுக்குச் சாமான் விற்கும் ஒரு நிறுவனத்தில் எழுத்தர். வட்டத்தில் சேர்ந்து நான் உருவாக்கிய மொத்த நகை ஒரே ஒரு மோதிரம். அது முட்டை வடிவில் வந்துவிட்டதால் மனித விரல் எதிலும் ஏறவில்லை. இந்த மோதிரத்தை வைத்துக்கொண்டுதான் என் அம்மா, மாதா கோயில் திருவிழாவில் பார்த்தவர்களிடமெல்லாம் "எங்க ரோசி நகையெல்லாம் செய்வா" என்று பரப்பிவிட்டிருந்தார்.

அப்படி அம்மா பரப்பிய இடங்களில் ஒன்று, பினாங்கிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த சூசையம்மாள். அவருக்கு அமலன் என்று கல்யாண வயதில் ஒரு மகன். அதைவிட முக்கியம், பினாங்கிலும் எங்களைப் போலவே ஒரு நகை வட்டம் இருந்தது. சூசையம்மாள் அதில் உறுப்பினர். அம்மா மகளைப் புகழ, அவர் மகனைப் புகழ, இரண்டு புகைப்படங்கள் கை மாறின. ஊருக்குத் திரும்பிய சூசையம்மாள் கொஞ்ச நாளில் உறவுக்காரர் ஒருவரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். உள்ளே விரிசல் விட்ட வளையல் ஒன்று. கூடவே வாய்வழிச் செய்தி: "சுத்த வெள்ளி. என் மாமியார் போட்டுவிட்டது. பொண்ணு ஒட்டித் தரட்டும், பார்க்கலாம்."

என் கல்யாணமே அந்த விரிசலில் மாட்டிக்கொண்டது.

நான் அதோடு வாயை மூடியிருக்கலாம். அடுத்த வட்டக் கூட்டத்தில், "எங்க ஆஃபீஸ் மேனேஜர் ரூம்ல, ரிசீவரைக் கையில எடுக்காமலே பேசலாம், அப்படி ஒரு ஃபோன் வந்திருக்கு. எதிர்ல பேசறது ரூம் முழுக்கக் கேக்கும்" என்று பீற்றிக்கொண்டேன். குணசீலன் ஐயாவின் கண்கள் மின்னின.

"அப்படியானால், பினாங்கு அன்பர்களோடு நாம் தொலைபேசி வழியாகவே மாபெரும் கலந்துரையாடல் நடத்தலாமே!"

"நடத்தலாம் ஐயா."

"செயல்முறை விளக்கமும் உண்டு! செல்வி ரோசி அவர்கள் வளையலைப் பற்றவைப்பார். அவர்கள் அங்கிருந்தே கற்றுக்கொள்வார்கள்!"

லெட்சுமி அக்கா மெல்லக் கேட்டார். "ஃபோன்ல எப்படி ஐயா பார்ப்பாங்க?"

"ஏன் பார்க்க வேண்டும்? நான்தான் வருணிப்பேனே!"

மேனேஜர் மிஸ்டர் டான் நல்ல மனிதர். சனிக்கிழமை பாதி நாள் வேலை முடிந்ததும் அறையைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்தார். "கல்ச்சுரல் மீட்டிங்தானே? டாக்கிங் ஒன்லி லா. நோ குக்கிங் ஆ!" என்றார். குக்கிங் இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். (பற்றவைப்பது சமையல் ஆகாதே.)

சனிக்கிழமை வந்தது. மிஸ்டர் டானின் பளபளப்பான மேசை நடுவில் அந்தப் புதுத் தொலைபேசி. பக்கத்தில் செங்கல், செங்கல் மேல் வளையல். ஒரு கிண்ணத்தில், உலோகம் ஒட்டுவதற்குத் தூவும் வெங்காரம். பற்றவைக்கிற கையடக்கமான கேஸ் விளக்கு என் வசம். ஈரத்துணியோடு லெட்சுமி அக்கா. மற்ற அன்பர்கள் சுவரோரம் கறிபஃப் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ட்ரங்க் கால் கிடைத்தது. பினாங்கில் ஒரு வீட்டுக் கூடத்தில் அவர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். அங்கேயும் அதே மாதிரி ஒரு ஃபோன். இருமல், நாற்காலி இழுக்கும் சத்தம், "கேக்குதா? கேக்குதா?" எல்லாம் கேட்டது.

நடுவில் ஓர் இளம் ஆண்குரல்: "வணக்கம், நான் அமலன். ஃபோனை நான்தான் பார்த்துக்கறேன்."

அம்மா தேர்ந்தெடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையை நான் சரிசெய்துகொண்டேன். ஃபோனில் சேலை தெரியாது என்பது அப்போது தோன்றவில்லை.

குணசீலன் ஐயா வரவேற்புரை ஆற்றினார். பினாங்குத் தலைவர் நன்றியுரை ஆற்றினார். அந்த நன்றிக்கு ஐயா நன்றி சொன்னார். அதற்கு அவர் பதில் சொன்னார். சங்க காலத்து மகளிரின் சிலம்பில் தொடங்கி இருவரும் போட்டி போட்டுக்கொண்டு வந்ததில், நிகழ்காலத்துக்கு வருவதற்குள் கறிபஃப் தீர்ந்துவிட்டது. நகை என்ற சொல் நூறு தடவை வந்திருக்கும். நகைதான் வரவில்லை.

ஒருவழியாக என் முறை. விளக்கைப் பற்றவைத்தேன். நீலச் சுடர் சீறியது.

"இதோ! செல்வி ரோசி அவர்களின் தளிர்க்கரத்தில் தீ நாக்கு நடமாடுகிறது!" என்றார் ஐயா.

"சத்தம் ஒண்ணும் கேக்கலையே" என்றது பினாங்கு. அது சூசையம்மாளின் குரல். "நெசமாவே செய்யறாங்களா?"

அந்த 'நெசமாவே' எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஐயா கையை ஆட்டி, "ரோசியம்மா, சுடரைத் தொலைபேசிக்கு அருகில் கொண்டு போ! அன்பர்கள் கேட்கட்டும்!" என்றார்.

கொண்டு போனேன். யோசிக்கவே இல்லை. வருங்கால மாமியாருக்கு என் நெருப்பின் சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் புத்தி. ஃபோனின் முன்பக்கத்தில் சல்லடை மாதிரி ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் இருந்ததே, அது பெருமூச்சு விடுவது போல மெதுவாக உள்ளே குழைந்தது. ஒரு கெட்ட வாடை. சூசையம்மாளின் குரல் பாதி வார்த்தையில் நின்றது.

"ஹலோ? ஹலோ பினாங்கு?"

மயான அமைதி.

"லைன் கட்டாயிடுச்சு" என்றேன்.

இங்கேதான் விதி சிரித்தது. லைன் கட்டாகவில்லை. அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கும் பகுதி மட்டும்தான் உருகியிருந்தது. நாங்கள் பேசுவது அவர்களுக்கு மணிமணியாகப் போய்க்கொண்டிருந்தது.

குணசீலன் ஐயா நாற்காலியில் சாய்ந்தார். அன்றுவரை அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத தமிழ் வந்தது. "அப்பாடா! அந்தப் பினாங்குத் தலைவர் இருக்கானே, என்னா அறுவைடா சாமி! ஃபோன் கெடைச்சா விடமாட்டான் போல. என் டைமையும் சேர்த்து முழுங்கிட்டான்!"

நான், அவர்கள் திரும்பக் கூப்பிடுவதற்குள் வளையலையாவது முடித்துவிடலாம் என்று சுடரை அதன் பக்கம் திருப்பினேன். லெட்சுமி அக்கா பேச்சுக் கொடுத்தார்.

"அந்தக் குரல்தான் மாப்பிள்ளையா? ஆள் எப்படி?"

"ஃபோட்டோல பார்த்தேன் அக்கா. மூஞ்சி பரவாயில்ல. காதுதான், டாக்ஸியோட ரெண்டு கதவையும் தொறந்து வச்ச மாதிரி இருக்கு."

சுவரோர அன்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரசிகர்கள் கிடைத்த உற்சாகத்தில் நான் வளையலைப் பார்க்காமல் விட்டேன். திரும்பிப் பார்த்தால் வளையல் இல்லை. செங்கல் மேல் சின்னக் குளம் போல் ஏதோ பளபளத்தது.

"ஐயோ! இப்பதானே சூடு காட்டினேன், அதுக்குள்ளயா?"

அக்கா குனிந்து பார்த்தார். "ரோசி, வெள்ளி இப்படி வெண்ணெய் மாதிரி உருகாதுடி. மேலதான் வெள்ளிப் பூச்சு. உள்ள ஈயம்."

வந்ததே எனக்கு! இத்தனை நாள் பயம், அம்மாவின் அலட்டல், 'நெசமாவே'. எல்லாம் சேர்ந்து வெடித்தது. "ஈயமா! ஈயத்தைக் குடுத்துட்டா அந்தம்மா சுத்த வெள்ளின்னு பீத்திக்கிச்சு? என்னைச் சோதிக்க வந்துட்டாங்க! வெள்ளிக்கும் ஈயத்துக்கும் வித்தியாசம் தெரியாதவங்களுக்கு ஒரு நகை வட்டம், அதுக்கு ஒரு கூட்டம், அதுக்கு ஒரு ட்ரங்க் கால் வேற!"

கைதட்டல். ஐயாவே தட்டினார்.

அப்போது வெளியே, என் மேசைத் தொலைபேசி மணியடித்தது. ஓடிப்போய் எடுத்தேன்.

"மிஸ் ரோசியா? நான் அமலன். பக்கத்துக் கடையிலேர்ந்து பேசறேன்." மூச்சு வாங்கியது. "தயவு செஞ்சு அந்த ஃபோனை வைங்க. உங்க பேச்சு எல்லாம் இங்க கேக்குது. நான் கத்திக் கத்திப் பார்த்தேன், உங்களுக்குக் கேக்கல. அப்புறம் அம்மா, 'சும்மா இருடா, பேசட்டும்'னுட்டாங்க."

"எ... எதுலேர்ந்து கேட்டீங்க? ஈயத்துலேர்ந்தா?"

"இல்லங்க. டாக்ஸியிலேர்ந்து."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். மாடிக் கட்டடம், வசதியில்லை.

"காது பெருசு பாருங்க," என்றார் அவர், "தெளிவாவே கேட்டுச்சு."

உள்ளே ஓடிப்போய் ஃபோன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். விவரம் தெரிந்ததும் குணசீலன் ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். (வட்டத்தின் வரலாற்றில் அது ஒரு சாதனை.) பிறகு எழுந்து, செந்தமிழுக்குத் திரும்பி, கலந்துரையாடல் மாபெரும் வெற்றி என்று அறிவித்து நிறைவுரை ஆற்றினார். பினாங்கு வட்டம் அதன் பிறகு எங்களோடு பேசவே இல்லை.

திங்கட்கிழமை மிஸ்டர் டான் தன் ஃபோனை நெடுநேரம் பார்த்தார். "ஐ சே நோ குக்கிங்" என்றார், அவ்வளவுதான். அந்த வாரமே என்னை நங்கூரச் சங்கிலிகள் வைத்திருந்த கிடங்குக்கு மாற்றினார். எனக்குப் பொருத்தமான, எரியாத பொருட்கள்.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினார். என்னைப் பற்றி மாதாவோடு மட்டும் பேசினார், நான் கேட்கும்படி. சம்பந்தம் போனது போனதுதான் என்று வீடே முடிவு செய்திருந்தபோது, முன்னறிவிப்பில்லாமல் சூசையம்மாள் தோ பாயோவிலிருந்த எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பின்னால் அமலன். காதுகள் புகைப்படத்தில் இருந்ததைவிடப் பெரியவை.

சூசையம்மாள் உட்காரவில்லை. "வளையல் எங்க?" என்றார்.

பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்த ஈயக் கட்டியைக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார், உள்ளங்கையில் உருட்டினார், பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எங்க மாமியார் சாகற வரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லியே என்னை வேலை வாங்கினாங்க. 'சுத்த வெள்ளி போட்டுவிட்டேன், சுத்த வெள்ளி போட்டுவிட்டேன்'னு. அம்மி அரைச்சேன், கால் பிடிச்சேன். இந்த ஈயத்துக்கு!" அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று அம்மா தண்ணீர் எடுக்க ஓடினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

"மன்னிச்சிருங்க..." என்று ஆரம்பித்தேன்.

"ஈயத்துக்கு மன்னிப்பு வேணாம். உண்மையைத்தானே சொன்ன. ஆனா காது..." என்று தன் தலைமுடியை ஒதுக்கிக் காட்டினார். இரண்டு பக்கமும் கம்பீரமாக விரிந்திருந்தன. "அது எங்க அப்பா வீட்டுக் காது. அதைப் பத்தி இன்னொரு தடவை பேசினா, அப்புறம் இருக்கு உனக்கு."

அடுத்த தை மாதம் கல்யாணம். சூசையம்மாள் சிங்கப்பூரில் எங்களோடுதான் கடைசி வரை இருந்தார். என்னை உலோகத்தின் பக்கம் விடவே இல்லை. குக்கர் மூடி தளர்ந்தால்கூடக் கடைக்குத்தான் போகும். பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் புதிதாக யாரையாவது பார்த்தால், என் தோளில் கைபோட்டு முன்னால் தள்ளி இப்படித்தான் அறிமுகம் செய்துவைப்பார்:

"இது என் மருமக. ரகசியம் ஏதும் இருந்தா இவகிட்ட சொல்லாதீங்க. இங்க பேசினா பினாங்கு வரைக்கும் கேக்கும்."

அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. வசனத்தை மட்டும் மகனிடம் விட்டுப் போயிருக்கிறார். நான் குரல் உயர்த்தும்போதெல்லாம் அமலன் சன்னலைச் சாத்திக்கொண்டே சொல்கிறார், "ரோசி, பினாங்கு கேட்டுக்கிட்டிருக்கு."