சாமியை இறக்கிய கல்யாணி

கண்டி மாநகரில் ஆர்மோனியமே பயந்து நடுங்கிய ஒரே பாடகர் எங்கள் கல்யாணி முதலாளிதான். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை ஐயா. அந்த ஆர்மோனியத்துக்கு முன்னால் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்த பாவி நானே.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்த காலம். கண்டியின் கொழும்பு வீதியில் முதலாளிக்குப் பெரிய புடவைக்கடை. கீழே வியாபாரம், மேல்மாடியில் சங்கீதம். நான் வேலை கேட்டுப் போன அன்று முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பிக்கு என்ன தெரியும்?”

“கணக்கு நல்லா வரும் ஐயா. இங்கிலீசும் எழுதுவேன்.”

“அது கெடக்கு. சங்கீதம்?”

“பள்ளிக்கூடத்துல ஆர்மோனியம் வாசிச்சிருக்கேன்.”

“அப்ப நாளைக்கே வந்துருங்க!”

முழக்கோலைப் பிடிக்கத் தெரியுமா என்று மனுஷன் கேட்கவே இல்லை. சீட்டித்துணிக்கும் மெல்லிய வாயல் புடவைக்கும் வித்தியாசம் தெரியாமலே நான் விற்பனையாளன் ஆனேன்.

அவருக்குக் கல்யாணி என்ற பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். தோடியில் ஆரம்பிப்பார். நடுவில் மோகனம் மாதிரி ஏதோ ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடும். பிறகு எந்தச் சங்கீதக்காரரும் இதுவரை பெயர் வைக்காத ஒரு காட்டுப்பாதையில் இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். நின்றதும் எங்களைப் பார்த்து ஒரு கேள்வி. “என்ன ராகம், சொல்லுங்க பார்ப்போம்?”

ஆரம்பத்தில் ஒரு புதுப் பையன் “தோடி” என்று சொல்லிவிட்டான். முதலாளி கோபிக்கவில்லை. அவன் தோளைத் தட்டி, “கேள்வி ஞானம் பத்தாது தம்பி, இது கல்யாணி” என்றார். அன்றிலிருந்து அவர் எதைப் பாடினாலும் கடை முழுக்க ஒரே குரலில் “கல்யாணி, முதலாளி!” என்று கத்துவோம். அவர் முகம் அப்படியே மலர்ந்து போகும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடையில் பூசை. சாமிப் படத்துக்குக் கற்பூரம் காட்டியதும் மேல்மாடியில் கச்சேரி. அவித்துத் தாளித்த கடலை ஒரு பெரிய சட்டியில் மூலையில் மணத்துக்கொண்டிருக்கும். முதலாளி மங்களம் பாடி முடிக்கும்வரை அந்தச் சட்டியின் மூடியை யாரும் தொடக்கூடாது என்பது எழுதாத சட்டம். நாங்கள் போட்ட ஆஹாவில் பாதி ரசனை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். முழுக்கப் பசி.

மிருதங்கம் வாசிக்க யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வருவார். ரயில்வேயில் உத்தியோகம். எங்களுக்கு அவர் மாஸ்டர். இந்த மனுஷன் எப்படித்தான் முதலாளியோடு தாளம் தப்பாமல் போகிறார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஒருநாள் கேட்டே விட்டேன்.

“தாளத்துக்குப் பின்னால போய் வேலையில்லை தம்பி,” என்றார். “நான் அவற்ற முகத்தைப் பாத்து அடிக்கிறன். கண்ணை மூடினா மெதுவா. புருவத்தைத் தூக்கினா கெதியா. வாயைப் பெரிசாத் திறந்தா எல்லாத்தையும் விட்டிட்டுக் கும்பிட வேண்டியதுதான்.”

ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி மேல்ஸ்தாயியைப் பிடிக்கப் போய், அது கைக்கு அகப்படாமல் ஓட, இவரும் விடாமல் துரத்திக்கொண்டிருந்தார். தடதடவென்று ஒரு பொலிஸ்காரர் படியேறி வந்து, “மொகத கரதரே?” என்று சிங்களத்தில் கேட்டார். என்ன தொந்தரவு, யாரை யார் அடிக்கிறீர்கள் என்பதுபோல் கண்களை உருட்டி எல்லோரையும் பார்த்தார். முதலாளி உடனே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்து, அதே பாட்டை முதலிலிருந்து பாடிக் காட்டினார். பாவம், அந்த மனுஷன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை இருந்தார்.

அவர் போன பிறகு முதலாளி எங்களிடம் சொன்னார். “பாத்தீங்களா? பாஷை தெரியாத மனுசன்கூட தேடிக்கிட்டு வந்துட்டாரு. அதாம்ப்பா சங்கீதம்!”

இப்படிச் சந்தோஷமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று முதலாளி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவில் பாடப்போகிறேன் என்று கிளம்பிவிட்டார். அது அவர் பிறந்த தோட்டம். அவருடைய அப்பா அம்மா கொழுந்து பறித்த மலை. சின்ன வயசில் அந்தக் கோயில் பஜனையில் பாட ஆசைப்பட்டுப் போனவரை, “நீ வாயைத் தொறக்காத, ஜால்ராவ மட்டும் தட்டு” என்று உட்காரவைத்தார்களாம். இதை எங்களிடம் அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் சிரித்து முடித்ததும் எழுந்து போய், மடித்து வைத்த துணியையே மறுபடி மடிப்பார்.

திருவிழாவுக்குக் கிளம்புகிற அன்று முதலாளியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, இங்க பாடுறது வேற. நீங்கள்லாம் நம்ம ஆளுக. அங்க யாரு இருக்கா நமக்காக ஆஹா போட? பட்டுனு சிரிச்சுப்புடுவாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அம்மா, நீங்க... உங்களுக்கு...”

“நான் என்ன செவிடா? எனக்குத் தெரியாதா எப்படிப் பாடுறாருன்னு? கட்டுன நாள்லருந்து கேக்குறேன். ஆனா வெள்ளிக்கிழமை பாடி முடிச்சுட்டு வீட்டுக்கு வர்றப்ப அந்த முகத்தை நீங்க பாக்கணும். அன்னைக்கு மட்டும் ரெண்டு தோசை கூடச் சாப்பிடுவாரு. அங்க போயி சிரிச்சாங்கன்னா, அதோட இந்த மனுசன் வாயே தொறக்க மாட்டாரு தம்பி.”

என்ன செய்ய என்று கேட்டேன். ஒலிபெருக்கி வயர் என் பக்கத்தில்தான் இருக்குமாம். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தால் சத்தம் போடாமல் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். கரண்ட் கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம். நல்ல வேலை கொடுத்தார் மகராசி!

மலைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே வேறு கலவரம். பேச்சியம்மா அக்கா என்று ஒருவர், கொழுந்து பறிக்கிறவர். வருடா வருடம் அவர்மேல்தான் சாமி இறங்கும். இறங்கினால்தான் கரகம் கோயிலை விட்டுப் புறப்படும். அது அந்தத் தோட்டத்து வழக்கம். அன்றைக்கோ தப்பு மேளம் அடிக்கிறவர்களுக்குக் கை சிவந்ததுதான் மிச்சம். அக்கா அசையாமல் நிற்கிறார். ஆத்தாளுக்கு என்ன குறையோ என்று பெரியவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. கோயில் தலைவர் எங்களிடம் வந்து, “சாமி வர்றவரைக்கும் சும்மா இருக்க வேணாங்க, நீங்க பாட ஆரம்பிங்க” என்றார்.

முதலாளி பட்டுச் சால்வையைச் சரிசெய்துகொண்டு அம்மன் பாட்டை எடுத்தார். முதல் வரியிலேயே கூட்டம் திகைத்துப் போனது. இரண்டாவது வரியில், பின்வரிசை இளவட்டங்கள் வாயைப் பொத்தினார்கள். மூன்றாவதில் பொத்திய கையை எடுத்துவிட்டார்கள். சிரிப்பு அலையலையாக முன்னுக்கு வந்தது. முதலாளியம்மா என்னைப் பார்த்தார். முதலாளிக்கும் கேட்டுவிட்டதோ என்னவோ, குரல் ஒரு கணம் தடுமாறியது. கண்ணைத் திறந்தார். இந்த மனுஷன் மறுபடியும் அந்த ஜால்ராப் பையன் ஆகிவிடக்கூடாதே என்று வயரில் கையை வைத்தேன்.

அவர் விடவில்லை. கண்ணை இறுக்கி மூடி, வாயைப் பெரிதாகத் திறந்து, மேல்ஸ்தாயிக்குத் தாவினார். மாஸ்டர் மிருதங்கத்தை விட்டுவிட்டுக் கும்பிட்டார்.

“ஏ...ய்!” என்று ஓர் அலறல்.

பேச்சியம்மா அக்கா! தலைமுடி அவிழ, கை கால் உதற, கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு முன்னால் வந்து ஆடினார். “எவன்டா சிரிச்சவன்? எம்புள்ள பாடுறான், எவன்டா சிரிச்சவன்? நீ பாடுடா!”

சிரித்த பயல்கள் அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தப்பு அதிர்ந்தது. கரகம் புறப்பட்டது. முதலாளி கண்ணீர் வழியப் பாடிக்கொண்டே கரகத்துக்குப் பின்னால் தொழிலாளர் லயன் வீடுகளைச் சுற்றி வந்தார். ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடும் பள்ளமுமாக நானும் போனேன். மறுநாள் என் முதுகு என்னிடம் பேசவில்லை.

பிறகு அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். “அக்கா, நெசமாவே சாமி வந்துச்சா?”

“அதென்ன கேள்வி தம்பி? தப்பு அடிக்கையில ஒடம்பு சும்மாதான் கெடந்துச்சு. அவரு அந்த உச்சிக்குப் போனாரு பாருங்க, எல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அப்புறம் நடந்தது ஒண்ணும் தெரியாது.” தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார், “ஆனா அதுக்கு முந்தி அந்தப் பயலுக சிரிச்சது காதுல விழுந்துச்சு. எங்க லயத்துல பொறந்த புள்ள தம்பி அது.”

அதோடு முதலாளியின் காட்டில் மழைதான். வருடா வருடம் திருவிழாவுக்கு ஹந்தானையிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அவர் பாடினால்தான் சாமி இறங்கும் என்பது அங்கே முடிந்த முடிவு. “கல்யாணிக்கு அம்மன் இறங்குவா, அது சாஸ்திரத்துலயே இருக்கு” என்பார் முதலாளி. எந்தச் சாஸ்திரம் என்று கேட்க எங்களுக்கென்ன பைத்தியமா?

பல வருடங்கள் கழித்து முதலாளி ஒருநாள் தூக்கத்திலேயே நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். அடுத்த திருவிழாவுக்கு முதலாளியம்மாவும் நானும் மட்டும் போனோம். இசைத்தட்டில் பெரிய வித்துவான்கள் பாடினார்கள். தப்பு அடித்தார்கள். பேச்சியம்மா அக்கா அசையாமல் நின்றார். கடைசியில் என்னிடம் வந்து, “இதெல்லாம் ரொம்ப நல்லாத்தான் பாடுறாங்க. அதான் ஒண்ணும் ஆகமாட்டேங்குது. தம்பி, நீங்க அவரு மாதிரிக் கொஞ்சம் பாடிப் பாருங்களேன்” என்றார்.

பாடினேன். அதே அம்மன் பாட்டு. அவர் இடறிய இடமெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் சனியன், எவ்வளவு முயன்றும் சுருதியை விட்டு விலக வரவில்லை. கூட்டம் மரியாதையாகக் கேட்டது. முதலாளியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க நல்லாப் பாடுறீங்க தம்பி” என்றார், ஏதோ துக்கம் விசாரிப்பதுபோல.

இப்போதும் வானொலியில் யாராவது கல்யாணி பாடினால் கேட்பேன். எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் சரி, இது கல்யாணியே இல்லையே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.