ஏழு வருஷ பேனர்

வியாழக்கிழமை காலை பால் வாங்கப் போன சுமலதா, தெருமுனையில் பன்னிரண்டடி உயரத்தில் தன்னையே பார்த்தாள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப். அது அவளுடையதல்ல. கழுத்துக்குக் கீழே இருந்த உடம்பும் அவளுடையதல்ல. 'முதலியார்பேட்டையின் முதல் மனநல டாக்டர்' என்று போட்டு, ஓரத்தில் அப்பா கலியபெருமாள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

காது குத்துக்கே முப்பது பேனர் கட்டுகிற ஊர். மில் மூடியதிலிருந்து ஆட்டோ ஓட்டும் கலியபெருமாளுக்கு, மகள் நுழைவுத் தேர்வில் தேறி, திங்கட்கிழமை நேர்காணல் என்று கடிதம் வந்ததும் கை சும்மா இருக்கவில்லை.

"நான் டாக்டரே இல்லப்பா. சைக்காலஜியில பி.ஏ. மூணு வருஷம், எம்.ஏ. ரெண்டு வருஷம், அதான் முடிச்சிருக்கேன். இதுக்கு மேல எம்.ஃபில். ரெண்டு வருஷம், ஆஸ்பத்திரியில பயிற்சி. அப்புறம் டெல்லி கவுன்சில்ல பதிவு நம்பர். நம்பர் இல்லாம வைத்தியம் பாக்கறேன்னு நேர்காணல்ல தெரிஞ்சுது, எம்.ஃபில். சீட்டு போச்சு. இருக்கறதே நாலு."

"அவ்ளோதானே, சரி பண்ணிடறேன்" என்றார் அப்பா.

பேனரை இறக்க மட்டும் மனசு வரவில்லை. சாயங்காலத்துக்குள் 'டாக்டர்' மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, மகள் சொன்ன படிப்பையெல்லாம் வரிசையாக அச்சடித்துக் கீழே தொங்கவிட்டார். 'இவ்வளவும் முடித்த பிறகே சிகிச்சை' என்று கடைசி வரி.

தெரு எப்போது கடைசி வரி வரைக்கும் படித்தது? அத்தனையும் இந்தப் பெண் முடித்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை வாசலில் ஏழு ஜோடி செருப்பு.

முதல் ஆள் எதிர்வீட்டு பாக்கியலட்சுமி. மருமகள் முறைத்ததில் மூன்று நாளாகத் தூக்கமில்லையாம். மருமகளைக் கேட்டால் வேறு கதை வரும், அது இப்போது வேண்டாம். தான் ஏன் வைத்தியம் பார்க்கக் கூடாது என்பதைச் சுமலதா பி.ஏ. முதல் வருஷத்திலிருந்து பொறுமையாக விளக்கினாள். எம்.ஏ. வருவதற்குள் பாக்கியலட்சுமி குறட்டை விட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்தவள், "உன் படிப்புக்கு முன்னாடி என் கஷ்டமெல்லாம் ஒண்ணுமே இல்லம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டு போனாள். போனவள் மார்க்கெட்டுக்கும் போனாள்.

சனிக்கிழமை கூட்டம் சந்துக்குள் திரும்பியது. வருஷா வருஷம் உயிரோடிருப்பதாகப் பிரான்சுக்குச் சர்ட்டிபிகேட் அனுப்பி அனுப்பியே தன்மேல் சந்தேகம் வந்துவிட்ட பிரெஞ்சு பென்ஷன்காரர் நாராயணசாமி, தலையணையோடு வந்தார். விளக்காமல் விரட்ட முடியாது, விளக்கினால் தூங்கிவிடுகிறார்கள், தூங்கி எழுந்தவர்கள் ஆளுக்கு நாலு பேரை அனுப்புகிறார்கள். தள்ளுமுள்ளு வேண்டாமென்று அப்பா டோக்கன் கொடுத்தார். டோக்கன் கொடுக்கிற இடமென்றால் பெரிய இடம்தான் என்று வில்லியனூரிலிருந்து ஒரு வேன் வந்தது.

ஞாயிறு இரவு சுமலதா அழுதே விட்டாள். "எவனாவது ஒரு போட்டோ எடுத்துப் போட்டா போதும்பா. அஞ்சு வருஷமும் வீண்."

"நீ நிம்மதியா போய்ட்டு வா. வர்றவங்கள நான் திருப்பி அனுப்பிடறேன். நீ சொல்றதெல்லாம் எனக்கு மனப்பாடம்."

திங்கள் காலை ஆஸ்பத்திரியில் பத்து மணி நேர்காணலுக்கு ஒன்பதுக்கே போய் உட்கார்ந்தாள். அட்டெண்டர் முருகையன் இரக்கப்பட்டு ஒரு விஷயம் சொன்னார். சீட்டு யாருக்கென்று முடிவு பண்ணும் பெரிய மேடம் மகா கண்டிப்பு. அதிலும் மூன்று வாரமாகத் தூக்கமில்லாமல் எரிந்து விழுகிறாராம். நம்பர் இல்லாமல் போர்டு மாட்டுகிறவர்களைக் கண்டாலே ஆகாதாம். சுமலதா தண்ணீர் பாட்டிலைக் காலி செய்தாள்.

பத்து ஆனது. பதினொன்று ஆனது. உள்ளே நடு நாற்காலி காலியாகவே இருந்தது. முருகையன் போனில் யாரிடமோ பேசிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்.

"லேட்டாவும்மா. மேடம் முதலியார்பேட்டையில யாரோ ஆட்டோக்காரர் வீட்ல டோக்கன் வாங்கிட்டு ஒக்காந்திருந்தாங்களாம், இப்பதான் கண்ணசந்தாங்களாம், எழுப்ப பயமா இருக்குன்னு டிரைவர் சொல்றான். அந்த ஐயா இன்னும் பி.ஏ. ரெண்டாம் வருஷத்தையே தாண்டலியாம்."