கண்மாய்க்குள் ஏழாம் நம்பர் மட்டை

மதுரைக்குத் தெற்கே 'தெரியாது' என்ற சொல்லை ஆயுசில் ஒரு தடவைகூட உச்சரிக்காத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் அவனியாபுரம் பந்தல் அண்ணன்தான். "அண்ணே, மேடையை ரோஜாப்பூவாலயே கட்டணும்" என்றால் "கட்டிருவோம்" என்பார். "அண்ணே, பந்தலுக்குள்ள அருவி கொட்டணும்" என்றாலும் "கொட்டிருவோம்" என்பார். அப்புறம் வீட்டுக்கு வந்து வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு, "வாத்தியாரே, அருவின்னா எப்படிக் கொட்டும்?" என்று என்னிடம் கேட்பார். நான் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். அடுத்த வீட்டில் குடியிருக்கும் பாவத்துக்கு அருவி, யானை, ஹெலிகாப்டர் எல்லாவற்றுக்கும் நான்தான் ஆலோசகர்.

அவர் பெயர் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது. பந்தல் போடுகிறவர், அதனால் பந்தல் அண்ணன். உருவமும் அதற்கேற்ற உருவம். ஷேர் ஆட்டோவில் அவர் ஏறினால் டிரைவர் அடுத்த ஆளை ஏற்றாமல் கிளம்பிவிடுவார். வேட்டி, பனியன், தோளில் துண்டு. இந்த மனிதர் போன கோடையில் கோல்ஃப் ஆட ஆரம்பித்தார். சிரிக்காதீர்கள். நான் சிரித்துத்தான் அந்த வம்பில் மாட்டிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். அவருக்கு ஒரே பெண், மீனா. பெங்களூரில் வேலை. கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சரி என்றுவிட்டார்கள். பையனின் அப்பா பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் சந்திப்பில் பேச்சு எங்கெங்கோ போய், அவர் தன்னுடைய கோல்ஃப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "நீங்க ஆடுவீங்களா சம்பந்தி?" என்று கேட்டிருக்கிறார். நம் ஆள் வாயில் என்ன வரும்? "ஆடுவோமே!" என்றார். "அப்ப நிச்சயதார்த்தத்துக்கு மதுரை வரும்போது சேர்ந்து ஆடிரலாம்" என்று அவர் சொல்ல, "ஆடிருவோம்" என்று இவரும் சொல்லிவிட்டார். அவருக்குப் பின்னால் நின்ற மீனா நெற்றியில் கை வைத்துக்கொண்டாளாம்.

ஊருக்கு வந்த மறுநாளே என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வாத்தியாரே, கோல்ஃபுன்னா என்ன?"

"பந்தைக் குச்சியால அடிச்சு தூரத்துல இருக்க குழியில போடுறதுண்ணே."

"அம்புட்டுதானா? நாம பந்தலுக்கு முளைக்குச்சி அடிக்காத அடியா!" என்று சிரித்தார்.

கொடைக்கானல் பக்கம் எஸ்டேட் வைத்திருக்கும் ஒரு பழைய வாடிக்கையாளர், பரணில் கிடந்த தன் மட்டைகளைப் பையோடு கொடுத்தனுப்பினார். பெரும்பாலும் இரும்புத் தலை வைத்த மட்டைகள். ஒவ்வொன்றின் மீதும் ஒரு நம்பர். 'பழகுகிறவர்கள் ஏழாம் நம்பரில் ஆரம்பிக்க வேண்டும்' என்று யூடியூபில் பார்த்துச் சிரித்துக்கொண்டே நான்தான் சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும், கோல்ஃப் தெரியாது. அவருக்கு இரண்டும் தெரியாது. அந்த அளவில் நான் கோச் ஆகிவிட்டேன்.

முதல் நாள் ஆடுவதற்கு முன்னால் பூஜை நடந்தது. புது லாரி வாங்கினால் என்னென்ன செய்வாரோ, அத்தனையும் அந்தப் பைக்கு நடந்தது. எல்லா மட்டைகளையும் வரிசையாகச் சாத்தி வைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, திருஷ்டி சுற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கி, அப்புறம்தான் கண்மாய்க்குப் புறப்பட்டோம். எங்கள் ஊர்க் கண்மாய் கோடையில் தண்ணீர் வற்றிப் பொட்டல். கருவேலம் புதர், ஆடு, புழுதி, கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டவெளி. மட்டையைத் தூக்கி ஒரு வீச்சு வீசினார். பந்து இருந்த இடத்தில் இருந்தது. மட்டைதான் போய்விட்டது. கைப்பிடியிலும் சந்தனம் பூசியிருந்ததை யாரும் யோசிக்கவில்லை. கருவேல முள்ளுக்குள் இறங்கி அதை எடுத்து வந்தவன் நான்.

அடுத்த வாரம் பிரச்சினை வேறு ரூபத்தில் வந்தது. மட்டை லேசாக இருக்கிறதாம். "என் உடம்புக்கு இது கரண்டி மாதிரி இருக்கு வாத்தியாரே. கனத்த ஆளுக்குக் கனத்த மட்டை வேணாமா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் மெயின் ரோட்டு ஒர்க்ஷாப்புக்குப் போய், ஏழாம் நம்பரின் தலையில் ஒரு இரும்புப் பட்டையை வைத்து வெல்டிங் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த மட்டையைச் சுழற்றினார் பாருங்கள், மட்டை அவரைச் சுழற்றியது. ஒரு முழுச் சுற்று சுற்றி, கண்மாய் மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் மேய்ந்த ஆடுகள் எல்லாம் தெறித்து ஓடின. மறுநாள் அதே ஒர்க்ஷாப்பில் பட்டையை அறுத்து எடுத்தார்கள்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தினமும் மண்ணாகி வருகிற வேட்டியைத் துவைத்துப் பிழிந்துகொண்டே அக்கா சொன்னார்: "ஏங்க, கண்மாயில போயிக் கொத்துற மண்ண வீட்டுக்குப் பின்னாடி கொத்துங்க. கீரையாச்சும் போட்டுக்கிருவேன்."

உண்மையான தொல்லை வயிறுதான். யூடியூபில் வருகிற கோச்சுகள் எல்லாம் முருங்கைக்காய். இடுப்பைத் திருப்பு, தோளைத் திருப்பு என்பார்கள். நான் மொழிபெயர்ப்பேன். அண்ணன் திருப்பிப் பார்ப்பார். தோள் கிளம்பும், வயிறு வழி விடாது. பந்துக்கு ஒரு சாண் முன்னாலேயே மட்டை மண்ணைக் கொத்தும். இல்லாவிட்டால் பந்துக்கு மேலே காற்றை வெட்டும். "சொல்றவனுக்கு வயிறு இருந்தாத்தானே தெரியும்?" என்று போனைப் பார்த்துக் கோபப்படுவார்.

இந்தச் சமயத்தில்தான் ஊர்க்கூட்டம் வந்து சேர்ந்தது. குழி இருக்கும் இடம் தெரிய வேண்டுமே என்று, பந்தல் துணியைக் கிழித்து, சிவப்பும் வெள்ளையுமாகக் கொடி கட்டிக் கண்மாய்க்குள் அங்கங்கே நட்டு வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் சிவப்பு வெள்ளைக் கொடி நட்டால் என்ன அர்த்தம் என்று பச்சைப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். சர்வே! பக்கத்துக் கிராமத்து ஆட்டுக்கார அக்கா ஒருத்தி ரெண்டு நாள் எங்களை நோட்டம் பார்த்திருக்கிறாள். தொப்பி போட்ட பெரிய உடம்புக்காரர் ஒருவர், கையில் கம்பி. கூட, கண்ணாடி போட்ட ஒருவன் போனைப் பார்த்துப் பார்த்து ஏதோ சொல்கிறான். மூன்றாம் நாள் டிராக்டரில் ஊரே வந்து இறங்கியது. கொடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள்.

"எந்த ஆபீசுய்யா நீங்க? கண்மாய்க்குள்ள ரோடு போடப் போறீகளா?" என்று ஆட்டுக்கார அக்கா கம்பை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ரோடெல்லாம் இல்லத்தா, வெளயாட வந்தோம்" என்றார் அண்ணன்.

"இந்த வயசுல, இந்த வெயில்ல, இம்புட்டு ஒடம்ப வச்சுக்கிட்டு வெளயாட வந்தீராக்கும்? எங்க, வெளயாடும் பாப்போம்!"

அண்ணன் மட்டையை எடுத்தார். வீசினார். பந்து அசையவில்லை. ஒரு கூடை மண் எழும்பி, முன்னால் நின்றவர்கள் தலையில் கொட்டியது. இன்னொன்று வீசினார். அதுவும் மண்தான். கூட்டத்தில் நின்ற பெரியவர் ஒருவர் தலையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "விடுங்கப்பா, இம்புட்டு மோசமா எந்த ஆபீசரும் அளக்க மாட்டான். நெசமாவே வெளயாட்டுத்தான்."

அன்றிலிருந்து எங்களுக்கு ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள். காலையில் ஆடு பத்தி வருகிறவர்கள் எல்லாம் கரையில் உட்கார்ந்துவிடுவார்கள். பந்து போவதைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எவ்வளவு மண் எழும்புகிறதோ அவ்வளவு கைதட்டல். அந்தக் கணக்கில் பார்த்தால் அண்ணன் உலக சாம்பியன்.

ஒருநாள் மனசு தாங்காமல் கேட்டேன். "எதுக்குண்ணே இந்தப் பாடு? பழக்கமில்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சுச்சு. மீனாவும் அதைத்தானே போன்ல சொல்லுது?"

அவர் டீயை ஆற்றி ஒரு வாய் குடித்தார். அப்புறம் சொன்னார். மீனா டவுனில் கான்வென்ட்டில் படித்தபோது, ஆண்டு விழாவுக்கு இவர்தான் பந்தல். மரியாதைக்காக இவரை மேடைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலி. அது உடைந்து, இவர் விழுந்து, மொத்தப் பள்ளிக்கூடமும் சிரித்திருக்கிறது. அடுத்த வருஷம் மீனா, "விழாவுக்கு அம்மா மட்டும் வரட்டும்பா" என்றிருக்கிறாள். "சின்னப் புள்ள, அவ மேல என்ன தப்பு?" என்றார் அண்ணன். அதற்கப்புறமும் வருஷா வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இவர்தான் பந்தல் போட்டிருக்கிறார். போட்டு முடித்து, விழா ஆரம்பிப்பதற்கு முன்னால் கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிடுவாராம்.

"இப்ப சம்பந்தக்காரக முன்னாடி அவ தல குனியக் கூடாது வாத்தியாரே. ஒரே ஒரு பந்து ஒழுங்காப் போனாப் போதும்" என்றார்.

அன்று ராத்திரியே யூடியூபைக் குடைந்து, அண்ணன் அளவுக்கே வயிறு வைத்த ஒரு வெள்ளைக்கார கோச்சைக் கண்டுபிடித்தேன். காட்டியதும் அண்ணன் முகத்தில் வந்த வெளிச்சத்தைச் சொல்லி முடியாது. "இந்தாளு நம்மாளு வாத்தியாரே!" என்று போனைக் கும்பிட்டார்.

நம்மாளு சொன்னது லேசான சங்கதிதான். வயிற்றோடு சண்டை போடாதே. வலது கால் விரலைக் கொஞ்சம் வெளியே திருப்பி வை. மட்டையைத் தலைக்கு மேலே கொண்டுபோகாதே, பாதித் தூக்கு போதும். தூக்கும்போது இடது குதிகால் எழும்பினால் எழும்பட்டும். இறங்கும்போது உடம்பு முழுக்க இடது காலுக்கு வந்துவிட வேண்டும். முதலில் பந்து, அப்புறம்தான் மண். இவ்வளவுதான். ஆனால் இதைப் பழக்கிக்கொள்ள அவர் பட்ட பாடு இருக்கிறதே! பந்தல் காலுக்குக் குழி தோண்டும்போது, பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கும்போது, ரேஷன் கடை வரிசையில், எங்கே நின்றாலும் திடீரென்று வலது காலைத் திருப்பிக் குதிகாலைத் தூக்குவார். பார்த்தவர்கள் வாதம் என்று எண்ணெய் சிபாரிசு செய்தார்கள். ஆடி மாசம் முடிவதற்குள் நாலு பந்துக்கு ஒன்று கிளம்ப ஆரம்பித்தது. கரையில் கைதட்டல் குறைந்துபோனது, மண் எழும்பவில்லையே!

ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்தது. மறுநாள் காலை, சம்பந்தி குடும்பத்தைக் கண்மாய்க்கு அழைத்து வந்தார் அண்ணன். அங்கே சாமியானா, நாற்காலி, விரிப்பு, அண்டா நிறையப் பருத்திப்பால். கிராமமே குளித்து வந்து உட்கார்ந்திருந்தது. ஆட்டுக்கார அக்கா தலையில் பூ வைத்திருந்தாள். சம்பந்தி ஒல்லியான மனிதர், கைத்தடி ஊன்றி மெதுவாக நடந்து வந்தார். அண்ணன் பெருமையாகப் பையைத் திறந்து, "நீங்க மொதல்ல அடிங்க சம்பந்தி" என்று மட்டையை நீட்டினார்.

சம்பந்தி திகைத்துப்போனார். "ஐயோ, அன்னைக்கு ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் நான் மட்டையைத் தொடுறதே இல்லை. நீங்க நிஜமாவே இவ்வளவு ஏற்பாடு…"

அண்ணன் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான், ஆனால் முகம் சின்னதாகிவிட்டது. "அதனால என்ன, வாங்க, பருத்திப்பால் குடிப்போம், வெயில் ஏறுதுல்ல" என்று மட்டையைப் பைக்குள் வைக்கப் போனார். மூன்று மாசம் மண் தின்ற மனுஷன், சார்.

"மாமா, ஒரு நிமிஷம்" என்றாள் மீனா, சம்பந்தியைப் பார்த்து. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புழுதிக்குள் இறங்கி வந்து, பையிலிருந்து ஏழாம் நம்பரை அவளே உருவி அப்பா கையில் கொடுத்தாள். பிறகு சாமியானா பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "யாரும் எந்திரிக்காதீங்க. எங்கப்பா அடிக்கப் போறாரு, பாருங்க."

அண்ணன் மட்டையை வாங்கினார். வீசினார். மண்! கரையில் விசில் பறந்தது. சம்பந்தி வீட்டாரில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். நான் மீனாவைப் பார்த்தேன். அவள் தலை குனியவில்லை. அப்பாவின் சட்டையில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டு, இன்னொரு பந்தை எடுத்து வைத்தாள்.

"இன்னொன்னு அடிங்கப்பா. வலது கால் வெரலு திரும்பல. நீங்க பழகின வீடியோ எல்லாம் வாத்தியார் மாமா அனுப்பிட்டாரு."

அண்ணன் வலது காலைத் திருப்பி வைத்தார். பாதித் தூக்கு. குதிகால் எழும்பி இறங்கியது. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். பந்து கிளம்பி, கருவேலத்துக்கு மேலே ஏறி, ஆடு மாடெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. சம்பந்தி கைத்தடியை மறந்து எழுந்து நின்றுவிட்டார். அண்ணன் பந்து போன திசையைப் பார்க்கவே இல்லை. மகளைத்தான் பார்த்தார். மீனா மாப்பிள்ளைப் பையன் தோளைப் பிடித்து உலுக்கி, "பாத்தியா? பாத்தியா?" என்று கத்திக்கொண்டிருந்தாள். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். புழுதி என்று சொன்னார்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அண்ணன் மட்டும் மட்டையை விடவில்லை. இப்போது ஆறாம் நம்பரைப் பழகுகிறார். ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே என் வீட்டுக் கதவைத் தட்டி, "வாத்தியாரே, வாரீகளா?" என்கிறார். எனக்குக் கோல்ஃப் பிடிக்காது, வெயில் ஆகாது, முள்ளுக்குள் பந்து பொறுக்கிக் கை கால் எல்லாம் கீறல். அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால் போகிறேன்.