மைதானத்து ஃபைலும் ஒரு மனுதாரரும்

"என் பொணத்தைத் தாண்டித்தான் அந்த ஃபைல் வெளியே போகும்!"

திங்கட்கிழமை சாயங்காலம் கூடத்தின் நடுவே நின்று முழங்கினார் ரெக்கார்டு சார். நகராட்சி ஆபீஸில் பத்தொன்பது வருஷமாக ரெக்கார்டு ரூம் அவர் பொறுப்பு. ஊரார் பிறந்தது, செத்தது, வீடு கட்டியது, வேலிக்காக அடித்துக்கொண்டது எல்லாம் அங்கேதான் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. நல்ல மனுஷர். குரலும் கணீரென்று இருக்கும். முதுகெலும்பு மட்டும் அடிக்கடி லீவு போட்டுவிடும்.

"செருப்போட நிக்காதீங்க, இப்பத்தான் துடைச்சேன். யாரு பொணம், என்ன ஃபைல்?" என்று கேட்டாள் மனைவி.

"வருஷா வருஷம் பழைய கட்டுகளை அழிக்கிறோம்ல? மூணு வருஷக் கட்டு, பத்து வருஷக் கட்டு, எல்லாம் பட்டியல் போட்டு காகித ஆலைக்கு அனுப்புவோம். நிரந்தரக் கட்டுன்னு ஒண்ணு இருக்கு. அதை எவனும் தொடக்கூடாது. அதுல ஒண்ணைப் பட்டியல்ல சேர்க்கச் சொல்றான் மேனேஜர்! திருட்டுப்பய! மைதானத்து ஃபைலு!"

"எந்த மைதானம்?"

"நம்ம தெருவுக்குப் பின்னாடி இருக்கே, அதுதான். அவன் மச்சான் அங்க கடை கட்டப் போறானாம். பொது இடம்னு சொல்ற ஒரே காகிதம் அந்த ஃபைல்தான். அது கூழாப் போச்சுன்னா யாரு கேக்க முடியும்?"

மனைவியின் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. நாலு தெருவுக்கும் சேர்த்து இருக்கிற ஒரே வெட்டவெளி அது. அவர்கள் மகள் தினமும் விடிந்ததும் ஓடிப் பழகுவது அங்கேதான். "விடாதீங்க. நாசமாப் போறவன், பிள்ளைங்க ஓடுற இடத்துலயா கடை கட்டுவான்?" என்றாள். அன்றைக்கு அவருக்கு வயிறு முட்டச் சாப்பாடு கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "கழிவுநீர் பம்ப் ஹவுஸ்ல ஆள் பத்தலையாம்யா."

அவ்வளவுதான். பத்தொன்பது வருஷக் காவலர் ரூமுக்கு ஓடினார். அழிப்புப் பட்டியலில் கடைசி வரியாக மைதானத்து ஃபைலை எழுதினார். அதுவும் எப்படி? 'இதர கடிதங்கள், மூன்று வருடம்' என்று, மணிமணியான கையெழுத்தில். வெள்ளிக்கிழமை லாரி வரும்.

வீட்டுக்கு வந்தவர் முந்தின நாளைவிட இரண்டு மடங்கு கத்தினார். "அந்த மேனேஜரை உண்டு இல்லைன்னு பண்ணிடுவேன்! அவன் குடுமி என் கையில!"

மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். "பட்டியல்ல சேர்த்துட்டீங்களா?"

"ஆபீஸ் விஷயம் உனக்கு எதுக்கு?"

"சேர்த்துட்டீங்க." அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தட்டைத் தூக்கி எறியலாமா என்றுகூட நினைத்தாள். எறியவில்லை. குரலைத் தணித்து, "போகட்டும் விடுங்க. உங்களுக்கும் வயசாச்சு. எது மைதானத்து ஃபைல்னு ஞாபகமா இருக்கப் போவுது? வேற எதையாவது எழுதியிருப்பீங்க" என்றாள்.

ரெக்கார்டு சாரை மேனேஜர் திட்டலாம், மாமனார் திட்டலாம், தெருநாய்கூட விரட்டலாம். ஞாபகத்தைக் குறை சொன்னால் மட்டும் தாங்க மாட்டார்.

"எனக்கா? எனக்கா ஞாபகம் இல்ல? ஏழாம் ரேக், மூணாம் தட்டு, கட்டு நாப்பத்தொண்ணு, ஃபைல் நம்பர் நூத்தி பதினெட்டு! இருநூத்திப் பன்னெண்டு பக்கம்! நீலக் கயிறு!"

"அடேயப்பா! ஆனாலும் என்ன, இனி அந்தக் கடவுளே வந்தாலும் காப்பாத்த முடியாது."

"ஏன் முடியாது? கடவுள் வந்து மனு போடட்டும். நகல் வேணும்னு மனு வந்து, தபால் பிரிவுல சீல் விழுந்துட்டா, நகல் குடுக்கிறவரைக்கும் அந்த ஃபைலை ஒருத்தனும் அழிக்க முடியாது. விதி தெரியாம பேசாதே!"

"எனக்கு என்னங்க விதி தெரியும்? ரசம் ஊத்தட்டுமா?" என்றாள் அவள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு மேனேஜர் அறை அதிர்ந்தது.

"இருபத்தாறு மனுய்யா! இருபத்தாறு பேரும் பொம்பளைங்க! ஒரே ஃபைலு! ரேக் நம்பர் போட்டிருக்கு, தட்டு நம்பர் போட்டிருக்கு, கயித்துக் கலரைக்கூட எழுதியிருக்காளுங்க! தபால்ல சீல் போட்டு, மேலிடத்துக்கும் ஒரு பிரதி போயிடுச்சு. எப்படிய்யா வெளியே போச்சு?"

முதல் மனுவின் கையெழுத்தை ரெக்கார்டு சார் பார்த்தார். வாராவாரம் மளிகைப் பட்டியலில் பார்க்கிற கையெழுத்து.

"யாருய்யா இவ?"

"தெரியலையே சார்."

"குடுத்துத் தொலை! நான் கையெழுத்துப் போட மாட்டேன். உண்மை நகல்னு பக்கத்துக்குப் பக்கம் ரெக்கார்டு காப்பாளர்தான் போடணும். நீயே போடு, நீயே மாட்டிக்கோ!"

வியாழக்கிழமை ரெக்கார்டு ரூம் ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் அவள் வந்து உட்கார்ந்தாள். பின்னால் தெருப் பெண்கள் இருபத்தைந்து பேர் நின்றார்கள்.

அவர் ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, "வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு" என்று முணுமுணுத்தார்.

"என்ன சார் சொல்றீங்க? காதுல விழல" என்றாள் அவள், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி. "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க சார்."

பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பியது. அவர் காது மடல் சிவந்துவிட்டது. கோபம் யார் மேல் என்று அவருக்கே பிடிபடவில்லை. இவள் மேலா? அந்தத் திருட்டு மேனேஜர் மேலா? செவ்வாய்க்கிழமை மணிமணியாக எழுதின தன் கை மேலா? வெறியோடு பேனாவைத் திறந்தார். 'அசலோடு ஒப்பிட்டேன், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். எண்பதாம் பக்கத்தில் மைதானத்தின் வரைபடம் வந்தது. 'பொதுமக்கள் உபயோகத்திற்கு மட்டும், நிரந்தரமாக' என்று கீழே எழுதியிருந்தது. அதில் மட்டும் பேனாவை அழுத்தி, கிழிந்துவிடுமோ என்கிற மாதிரி போட்டார். விரல் வீங்கியது. மேனேஜர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றே கால் மணிக்கு முதல் நகலை ஜன்னல் வழியே தள்ளினார். "போதுமா?"

அவள் அவசரமே படாமல், ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு தாளை உருவி ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"நூத்தி நாலாம் பக்கத்துல கையெழுத்து விட்டுப்போச்சு சார். அதைப் போட்டுட்டு, மிச்ச இருபத்தஞ்சு பேருக்கும் ஆரம்பிங்க."