முழங்காலுக்கு வைத்த பூசை

ரசிகனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நான் மட்டும் அந்த ஒரு மாசம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்திருந்தால், அருள்தாஸ் அண்ணன் இன்னும் ஐந்தாறு வருஷம் பந்து ஆடியிருப்பார்.

எழுபத்தெட்டு வாக்கில் நான் காரைக்காலில் கல்லூரி முதலாண்டு. அவர் மூன்றாமாண்டு, எங்கள் டீமின் சென்டர் ஃபார்வர்டு. அவர் பந்தோடு ஓடினால் நான் கோட்டுக்கு வெளியே கூடவே ஓடுவேன். (எனக்கு உதைக்க வராது. ஓட மட்டும் வரும்.) ஒரு மாட்சில் எதிர் டீம்காரன் இடித்ததில் அண்ணன் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நாலு பேர் தூக்கிப் போனார்கள். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பேப்பரில் தேடினால், 'காயம்' என்று ஒரே வார்த்தை. என்ன காயம், எந்த எலும்பு, எப்போது ஆடுவார்? எழுதினால் மை தீர்ந்தா போய்விடும்? டீக்கடையில் ஒருவர் ஜவ்வு என்றார், ஒருவர் எலும்பு என்றார், பந்தையே பார்த்திராத ஒருவர் காலை எடுத்தாகிவிட்டது என்றார். பொறுக்காமல் தருமபுரத்தில் அவர் வீட்டுக்கே சைக்கிளை மிதித்தேன். அவர் அம்மா கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல தம்பி, லேசா சுளுக்கு. யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க" என்றார். மறுநாளும் அதே கதவு, அதே சுளுக்கு. சுளுக்குக்கு எதற்கய்யா இத்தனை ரகசியம்? கால் போயேவிட்டது என்று நானே முடிவு கட்டினேன்.

அண்ணனுக்குக் கோட்டுச்சேரியில் பெண் நிச்சயமாகியிருந்தது எனக்குத் தெரியாது. எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. இரண்டு ஓலை முடிந்திருந்தது. (பூசைக்கு ஒழுங்காகப் போயிருந்தால்தானே தெரியும்!)

நேரே கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியாரிடம் போய், அண்ணனின் காலுக்காக ஞாயிறு பூசை வைக்கக் கேட்டேன். "பேரை மட்டும் சொல்லு தம்பி, சாமி வாசிச்சிடுவாரு" என்றார். எனக்கு அது போதுமா? உட்கார்ந்து நானே ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. கடைசி பெஞ்சில் அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் இருந்தது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்துவிட்டு, அதே மூச்சில் என் தாளையும் எடுத்து வாசித்தார்: "வலது முழங்கால் முறிந்து, இனி நடப்பாரோ மாட்டாரோ என்று டாக்டர்களே கைவிரித்துவிட்ட அருள்தாஸ் பூரண சுகம் பெற…"

முன் பெஞ்சில் ஒரு பெரியவர் எழுந்தார். பெண்ணின் அப்பா.

"சாமி, தடை தெரிஞ்சா சொல்லச் சொன்னீங்க. இப்பதான் தெரிஞ்சுது. நொண்டிக்கா என் பொண்ணைக் குடுக்கச் சொல்றீங்க?"

கோயிலே திரும்பிப் பார்த்தது. அண்ணனின் அம்மா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் எழுந்தார். "யாரோ வேலையத்தவன் எழுதியிருக்கான் மாமா. நல்லா பாத்துக்கங்க" என்று சொல்லி, கடைசி பெஞ்சிலிருந்து பீடம் வரை நடந்தார். திரும்பியும் நடந்தார், சிரித்துக்கொண்டே, துளி நொண்டாமல். என் பெஞ்சைத் தாண்டும்போது குனிந்து, "டேய், நீதானேடா?" என்றார். அவர் சட்டை முழுக்க வியர்வை.

ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அன்றைக்கு மூன்றாவது வாரம். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. முழங்கால்தான் சரியாகவே இல்லை. பந்தை மறந்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். பாவி, நான் கொடுத்த ஒரு தாள்!

அண்ணன் என்னை மன்னித்துவிட்டார். அவர் மனைவி ரெஜினா அக்காதான் இன்றைக்கும் விடுவதில்லை. அந்த வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும் முதல் உத்தரவு, "அந்தத் தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்பதுதான். பேரன் பந்து ஆடிக் கையை முறித்துக்கொண்ட செய்தி, மாவுக்கட்டைப் பிரித்த பிறகுதான் எனக்கு வந்தது. போய்ச் சண்டை போட்டேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

அக்கா காப்பியை நீட்டிக்கொண்டே சொன்னார்: "சின்னப் பிள்ளை அது. இன்னும் ஆடணுமில்ல?"