ஸ்டோர்கீப்பர் வீட்டுப் பால் பம்ப்

வீட்டில் பால் உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்வதாக ஸ்டோர்கீப்பர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அறிவித்தார். உற்பத்தி செய்ய வேண்டியவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குழந்தைக்கு மூன்று மாதம். விடுப்பு முடிந்து மனைவி தபால் நிலையத்துக்குத் திரும்ப இன்னும் பதின்மூன்று நாள். அவள் இல்லாத ஒன்பது மணி நேரத்துக்கு மூன்று புட்டி, புட்டிக்கு நூறு மில்லி. பம்ப் வைத்து எடுத்தால் வருவதோ தடவைக்கு ஐம்பது. ஃப்ரீசரில் ஒரு பால் பைகூடச் சேரவில்லை. சேராவிட்டால் விடுப்பை நீட்ட வேண்டும். நீட்டினால், ஆறு வருடம் காத்திருந்து வாங்கிய கவுண்டர் வேறொருத்திக்குப் போய்விடும்.

"அழாத. பெயின்ட் கிடங்குல இருபது வருஷம் இருக்கேன். நாலாயிரம் டப்பா. ஒண்ணு குறைஞ்சாலும் எனக்குத் தூக்கத்துல தெரியும்."

"நான் டப்பா இல்லீங்க."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அன்றே ஒரு தாளில் கட்டம் போட்டார். நேரம், இடது, வலது, மொத்தம், குறிப்பு. அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். அவள் பம்ப்பை எடுத்தால் இவர் நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொள்வார். மூக்கில் கண்ணாடி, காதில் பென்சில்.

"பன்னெண்டு... பதினாலு... பதினாலுலயே நிக்குது. ஏம்மா நிறுத்திட்ட?"

"நான் என்ன குழாயா, திருகி விடறதுக்கு?"

"இடது பக்கம் எட்டு மில்லி பின்தங்கியிருக்கு."

"மெமோ குடுங்க."

மூன்று நாளில் ஐம்பது நாற்பத்திரண்டாகி, முப்பத்தைந்தில் வந்து நின்றது. குறிப்புக் கட்டத்தில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை இருவரும் மருத்துவமனையில் தாய்ப்பால் ஆலோசனை சொல்லும் நர்ஸிடம் போனார்கள். ஸ்டோர்கீப்பர் தாளை விரித்தார். நர்ஸ் தாளைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"பம்ப் பண்றப்ப இவர் எங்க இருப்பார்?"

"எதிர்ல," என்றாள் மனைவி. "கண்ணாடி போட்டுக்கிட்டு."

"சார், கொஞ்சம் வெளிய உக்காருங்க."

இருபத்திரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்தார். திரும்பும் வழியில் பொறுக்கவில்லை.

"என்னதான் சொன்னாங்க?"

"மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்கணுமாம். முன்னாடி வெந்நீர் ஒத்தடம். எடுக்கறப்ப அளவைப் பாக்கவே கூடாதாம். புட்டி மேல சாக்ஸ் மாட்டிடணுமாம்."

"யார் சாக்ஸ்?"

"துவைச்ச சாக்ஸ்."

"அவ்வளவுதானா?"

அவள் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். "மனசு லேசா இருக்கணுமாம். பாத்திரம், துணி, சமையல்னு நினைப்பு வந்தா பால் உள்ளயே நின்னுடுமாம். அதனால..."

"அதனால?"

"எனக்குச் சொல்ல வாய் வரலீங்க."

வாய் வராததெல்லாம் அன்று மாலையே அவர் கைக்கு வந்துவிட்டது. பாத்திரம் தேய்த்தார். குழந்தைத் துணி அலசினார். அடுப்படியில் இரண்டு தடவை விரலைச் சுட்டுக்கொண்டார். சாக்ஸைக் கழற்றிய பிறகுதான் அளவு பார்க்க அனுமதி. சனி அறுபது. ஞாயிறு எழுபது. திங்கள் எண்பத்தைந்து. ஜன்னல் திரைகளைத் துவைத்த புதன்கிழமை நூற்றுப்பத்து! ஸ்டோர்கீப்பருக்குப் புல்லரித்தது. குறிப்புக் கட்டத்தில் 'திரைச்சீலை' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

"பாத்திரம் தேய்க்கத் தேய்க்கப் பால் கூடுது சார்," என்று மாடி வீட்டுக்காரரிடம் ரகசியமாகச் சொன்னார். அவர் உள்ளே திரும்பித் தன் மனைவியைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஃப்ரீசரில் பதினெட்டுப் பை. இரண்டு தடவை எண்ணினார். அப்போது போன் அடித்தது. நர்ஸ்.

"புதுப் புனல் சரியா உக்காருதா சார்?"

"எந்தப் புனல்?"

"மார்ல வைக்கிறது. கடையில குடுத்தது ரொம்பப் பெரிசு, பால் எப்படி வரும்? அன்னைக்கே சின்னது மாத்திக் குடுத்தேனே. பாதிக் கோளாறு அதுதான்."

"மீதி?"

"நீங்க எதிர்ல உக்காந்தது."

"அப்ப பாத்திரம்?"

"எந்தப் பாத்திரம் சார்?"

ஈரக் கையோடு அறைக்குள் போனார். மனைவி கால் நீட்டிப் படுத்திருந்தாள். பக்கத்தில் குழந்தை.

"நர்ஸம்மா பாத்திரத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையாமே?"

அவள் கண்கூடச் சிமிட்டவில்லை. "நீங்கதான் கணக்குப் புலியாச்சே. புனலால கூடிச்சா, பாத்திரத்தால கூடிச்சான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"ஒண்ணை நிறுத்திப் பாத்தா தெரிஞ்சுடும்."

"நிறுத்துங்க. நாளைக்கு நான் வேலைக்குப் போறேன். குழந்தைக்குப் பால் குறைஞ்சா நான்தான் பொறுப்புன்னு அந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு நிறுத்துங்க."

அவர் ஃப்ரிட்ஜ் கதவுக்குப் போனார். படிப்படியாக ஏறும் எண்கள், எல்லாம் தன் கையெழுத்து. காதிலிருந்து பென்சிலை எடுத்தார். பென்சிலைக் காதிலேயே திரும்பச் செருகிக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தார்.

"சோப்புத் தீரப்போகுது," என்றார் அங்கிருந்து.

"கவலைப்படாதீங்க," என்று குரல் வந்தது. "ஆறு மாசத்துக்கு வாங்கி வெச்சிருக்கேன்."