ஓடை வளைவும் மருந்துக்கொம்பும்

இந்த வருஷம் கூடாரம் போடுகிற இடத்தை நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்று சத்தமாகச் சொன்னேன். வண்டிக் கொட்டகையில் தனியாக இருக்கிற தைரியத்தில் சொன்னேன். என் மனைவி வெர்னா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காற்று அந்தப் பக்கம் அடித்ததை நான் கவனிக்கவில்லை.

"எந்த இடத்தை?" என்று கேட்டுக்கொண்டே வந்து நின்றாள்.

"ஜூலைக் கூட்டத்துல நம்ம கூடாரத்துக்கு இடம்."

"போன மூணு வருஷமும் யாரு எடுத்தா?"

இதுதான் வெர்னா. கேள்வி மட்டும்தான் கேட்பாள். நம்முடைய தூக்குக்கயிற்றை நம் வாயாலேயே திரிக்க வைப்பாள்.

எங்கள் ஜூலைக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். குழல் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, குண்டைக் கோலால் இடித்து இறக்கிச் சுடுகிற பழைய துப்பாக்கிக்காரர்கள் நாங்கள். வயோமிங் மலையடிவாரத்தில், எல்க் ஓடைக்கரைப் புல்வெளியில், வருஷத்துக்கு ஒரு தடவை கூடுவோம். அந்தக் காலத்துத் தோல் வேட்டைக்காரர்கள் மாதிரியே தோல்சட்டை, தோல்செருப்பு, இரும்புச்சட்டி. ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுக்குப் பிறகு உண்டான எதுவும் அங்கே கண்ணில் படக்கூடாது. எங்கள் மூட்டுவலித் தைலத்தைக்கூடப் போர்வைக்கு அடியில்தான் வைப்போம்.

இனி அந்த மூன்று வருஷக் கதை. முதல் வருஷம் மெத்தை மாதிரி மணல் பரப்பு ஒன்று கண்டுபிடித்தேன். அது காய்ந்த நீர்த்தடம் என்று மலைமேல் மழை பெய்த பிறகுதான் தெரிந்தது. எருமைத்தோல் விரிப்பு மிதந்தது. அதன்மேல் வெர்னாவும் மிதந்தாள். இரண்டாம் வருஷம் மேடாகப் பார்த்துப் போட்டேன். விடிந்தபோது நான் சறுக்கிச் சறுக்கி முழங்கால்வரை கூடாரத்துக்கு வெளியே கிடந்தேன். தண்ணீர் எடுக்கப் போனவர்கள் என் பாதங்களுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாம் வருஷம் சமதளம், நிழல், எல்லாம் உண்டு. கழிப்பிடமும் பக்கத்திலேயே உண்டு. பகலில் காற்று மேற்கே போனது. சாயங்காலம் அது வீடு திரும்பியது, எங்கள் வழியாக.

"இனிமே இடம் நான் பார்க்கிறேன், ஹார்லன்," என்றாள் வெர்னா. "நீ கம்பத்தைத் தூக்கிட்டு வந்தா போதும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் பண்ணைக்காரர்களுக்குக் காற்றாடியில் ஓடுகிற தண்ணீர் இறைப்பான் பழுதுபார்த்தவன் நான். காற்றும் தண்ணீரும் எந்தப் பக்கம் போகும் என்று ஊருக்கே சொன்னவன்.

"இந்தா பாரு தாயி," என்றேன். "இந்தத் தடவை நான் எடுக்கிற இடத்துல நாலு ராத்திரி. புதன்கிழமை அடிச்ச கூடாரம் ஞாயித்துக்கிழமைவரைக்கும் அப்படியே நிக்கும். நின்னா, சாகிறவரைக்கும் நான் சொல்ற இடம்தான்."

"நகர்ந்தா?"

"ஒரு அடி நகர்ந்தாலும், சாகிறவரைக்கும் நீ சொல்ற இடம். மழையோ, காத்தோ, எறும்போ, எதுவா இருந்தாலும் சரி."

"எதுவா இருந்தாலும்?"

"எதுவா இருந்தாலும்."

அவள் ஈரக்கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள். குலுக்கினேன். எங்கள் ஆட்களிடையே கை குலுக்கினால் முடிந்தது. அதற்குமேல் கோர்ட்டு கிடையாது.

அந்தக் குளிர்காலம் பூராவும் அவள் ஒரு மான்தோல் கோட்டு தைத்திருந்தாள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தோளில் நீலமணி வேலை, கையோரம் தொங்கல். யாருக்கு என்று கேட்டால், "பொறு," என்பாள். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அவள் முன்னால் நாலைந்து தடவை நடந்து பார்த்தேன். அளவு எடுக்கவில்லை. கட்டின புருஷன் அளவு கண்ணுக்கே தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை விடியும்போதே கம்பங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். வெர்னா மதியம் வருவதாக ஏற்பாடு. புல்வெளி முழுக்க மேய்கிற மாடு மாதிரி சுற்றினேன். மேலே பார்த்தேன், காய்ந்த கிளை இருக்கிறதா என்று. கீழே பார்த்தேன், புல் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் தண்ணீர் போன வழி. தட்டில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்து மட்டம் பார்த்தேன். புகையிலையைப் பற்றவைத்து, புகை எங்கே போகிறது என்று காலையில் ஒரு தடவை, வெயில் ஏறியபின் ஒரு தடவை பார்த்தேன். கழிப்பிடம் எங்கே வைக்கப் போகிறார்கள் என்று முகாம் தலைவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தூரத்தில் கைகாட்டினார்.

கடைசியில் ஓடை வளைகிற இடத்தில் அகப்பட்டது. கரை உயரம். தரை பலகை மாதிரி. பிற்பகல் நிழல். விறகு கைக்கெட்டும் தூரம். மல்லாந்து படுத்து, இந்தப் பக்கம் புரண்டு, அந்தப் பக்கம் புரண்டு பார்த்தேன். ஒரு கல் குத்தவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த கூடாரக்காரன் டெல்மர் வந்து நின்றான். தினமும் விடியற்காலையில் ஒரு குட்டிப் பீரங்கி வெடித்து முகாமையே எழுப்புகிறவன். நல்ல மனுஷன், காதுதான் கொஞ்சம் மந்தம்.

"அண்ணே, செத்துட்டீங்களா?"

"இல்லடா. இடம் பார்க்கிறேன்."

அவனும் சுற்றிப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். "அண்ணே, இந்த மாதிரி இடம் கிடைச்சா நான் பீரங்கியையே வித்துடுவேன்."

மதியம் வெர்னா வந்தாள். வந்ததும் காப்பிக் குவளையை விளிம்புவரை நிரப்பித் தரையில் வைத்தாள். சிந்தவில்லை. மரத்தை அண்ணாந்து பார்த்தாள். மூக்கை நாலு பக்கமும் திருப்பி மோந்தாள். புல்லை விலக்கி எறும்பு தேடினாள். நான் கழுத்து வியர்க்க நின்றேன்.

"நல்ல இடம்," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி நாற்பத்தி நாலு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

"என்ன சொன்னே?"

"ஒரு குறையும் இல்ல. இந்த இடத்தைவிட்டு யாராலயும் உன்னை அசைக்க முடியாது."

அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெஞ்சு நிமிர்ந்துகிடந்தது, மூளைக்கு ரத்தம் போகவில்லை.

வியாழக்கிழமை ராஜா மாதிரி இருந்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, தரை மட்டம் காட்டினேன். அன்று பெண்களின் வாணலி எறியும் போட்டி. வைக்கோல் புருஷன் ஒருத்தனை நிற்கவைத்து, இரும்பு வாணலியால் அடிப்பார்கள். இந்த வருஷம் அவன் என் பழைய சட்டையைப் போட்டிருந்தான். வெர்னாவின் முதல் வீச்சிலேயே தலை போய் ஓடையில் விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் மெதுவாக.

வெள்ளிக்கிழமை மதியம் பண்டமாற்று. கடைவரிசை நடுவில் ஒரு கம்பளி விரிப்பார்கள். சுற்றி உட்காருவோம். ஒருத்தன் ஒரு பொருளைக் கம்பளியில் வைப்பான். வேண்டுமென்கிறவன் பதிலுக்கு ஒன்று வைப்பான். பிடித்தால் கை குலுக்கல். குலுக்கியபின் பின்வாங்கினவனுக்கு அந்தக் கம்பளியில் அப்புறம் இடமே கிடையாது.

அங்கே போகிற வழியில் ஏசாவின் கடை. கொம்பில் படம் செதுக்குகிறவர், ஒல்லியான மனுஷன். அவர் கடையில் மூன்று வருஷமாக ஒரு மருந்துக்கொம்பு தொங்குகிறது. வெடிமருந்து வைத்துக்கொள்கிற மாட்டுக்கொம்பு. அதில் எங்கள் மலை, எங்கள் ஓடை, ஓடைக்கரையில் ஒரு கூடாரம். எதைக் கொடுத்தாலும் தரமாட்டேன் என்பார். அந்தக் கடை முன்னால் வந்தால் எனக்குச் செருப்புக் கயிறு அவிழ்ந்துவிடும். குனிந்து கட்டிக்கொண்டே கொம்பைப் பார்ப்பேன். வெர்னாவிடம் இதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை. ஆம்பிளைக்கு ஒன்றிரண்டு ஆசையாவது சொந்தமாக இருக்க வேண்டாமா.

அன்றைக்கும் கயிறு அவிழ்ந்தது. குனிந்தேன். ஆணியில் கொம்பு இல்லை.

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஏசாவையும் காணோம். நேராகக் கம்பளிக்குப் போனேன். ஏசா அங்கே ஜம்மென்று ஒரு புதுக்கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தையலை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. யோசிக்க நேரமில்லை. டெல்மர் எழுந்து, மடியிலிருந்து எதையோ எடுத்து, கம்பளி நடுவில் வைத்தான்.

கொம்பு. என் கொம்பு.

"எங்கேருந்துடா வந்தது இது?"

"காலையிலதான் கைக்கு வந்துச்சு அண்ணே."

நான் என் கத்தியை வைத்தேன். வேண்டாமென்று தலையாட்டினான். கோடாலியை வைத்தேன். தலையாட்டினான். பெல்ட்டை அவிழ்க்கப் போனேன்.

"பெல்ட்டு இருக்கட்டும் அண்ணே, கால்சட்டைக்கு அது வேணும். எனக்கு உங்க இடம் வேணும்."

"எந்த இடம்?"

"ஓடை வளைவு. கூடாரம் வேணாம். இடம் மட்டும்."

சுற்றியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இடத்தைக் கம்பளியில் வைத்ததாக அதற்கு முன்னால் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒரு பக்கம் கொம்பு. இன்னொரு பக்கம் சாகிறவரைக்கும் இடம் தேர்ந்தெடுக்கிற உரிமை. வெர்னாவைத் தேடினேன். அவள் தலை தெரியவில்லை. மழை, காற்று, எறும்பு என்றுதானே சொன்னேன். கொம்பு என்று சொல்லவில்லையே. சட்டப்படி பார்த்தால் என் பக்கம் நியாயம் இருக்கிற மாதிரித்தான் பட்டது.

"யோசிச்சுச் சொல்லுங்க அண்ணே. இல்லேன்னா அந்தப் பக்கம் ஒருத்தர் குதிரைச்சேணம் தர்றேன்னு நிக்கிறாரு," என்றான் டெல்மர்.

என் கை என்னைக் கேட்காமலே போய்க் குலுக்கிவிட்டது.

கொம்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூடாரத்தைப் பிரித்தேன். எங்கே போவது? மூன்றாம் நாளில் புல்வெளியில் காலி இடம் ஏது. டெல்மரின் பழைய இடத்துக்கும் அதற்குள் வேறு யாரோ சொல்லி வைத்துவிட்டார்கள். கம்பங்களை இழுத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனேன். எனக்குப் பழக்கமானவர்கள் எல்லாம் திடீரென்று வானத்தைப் பார்த்தார்கள். கடைசியில் மேட்டுக்குமேல், மூன்று மரத்துக்கு நடுவே ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கல் வைத்து அடுப்புக்கூடப் போட்டிருந்தது. அடுப்பில் காப்பி கொதித்தது.

பக்கத்தில் முக்காலி போட்டு வெர்னா உட்கார்ந்திருந்தாள்.

கம்பம் என் கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. வலித்ததாக ஞாபகம் இல்லை.

"வா கிழவா," என்றாள். "வழி தெரியாம சுத்துறியேன்னு பார்த்தேன். காப்பி ஆறுது."

"நீ எப்படி இங்க?"

"தலைவர்கிட்ட புதன்கிழமையே சொல்லி வெச்சேன், எங்க வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை குடிவருவாருன்னு."

"அப்ப நீதான் டெல்மர்கிட்ட..."

"உட்காரு. நிலை இல்லாம ஆடுற."

உட்கார்ந்தேன். கடைசியில் ஒரு நியாயம் கிடைத்தது.

"இந்தா பாரு, மழை காத்து எறும்புன்னுதான் பேச்சு. கொம்பு கணக்குல இல்ல."

"எதுவா இருந்தாலும்னு ஒரு தடவை சொன்னே. நான் திருப்பிக் கேட்டேன். மறுபடியும் சொன்னே."

"அந்த இடத்துல என்ன குறை?"

"ஒண்ணுமே இல்ல. இந்த வருஷம் குருட்டாம்போக்குல ஒண்ணு அமைஞ்சுடுச்சு. அதை நம்பி, மிச்ச வருஷமெல்லாம் நான் தண்ணியில மிதக்க முடியுமா?"

"கொம்பு ஏசாகிட்டல்ல இருந்துச்சு? அந்த மனுஷன் யாருக்கும் தரமாட்டாரே."

"அவரு போட்டிருந்த கோட்டைப் பார்க்கலையா?"

இரண்டாவது தடவையாக எனக்கு மூச்சு நின்றது. நீலமணி. கையோரத் தொங்கல்.

"அது எனக்குத் தைச்சது இல்லையா?"

"உன் வயித்துக்கு அதுல பொத்தான் போட முடியுமா?"

குளிர்காலம் முழுக்க நான் வயிற்றை எக்கிக்கொண்டு நடந்ததெல்லாம் கண்முன் வந்தது. அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கியதில் உதடு துடித்தது.

"எனக்குக் கொம்புமேல ஆசைன்னு உனக்கு யார் சொன்னது? நான் ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கலையே."

"மூணு வருஷமா ஏசா கடை முன்னால வந்தா மட்டும் உன் செருப்புக் கயிறு அவிழுது. வேற எங்கயும் அவிழுறதில்ல."

நான் காலைப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் கட்டியிருந்தது. ஓடை வளைவில் டெல்மர் பாட்டுப் பாடிக்கொண்டே முளை அடிப்பது கேட்டது. நாளை விடியற்காலையில் என் பலகைத் தரையில் பீரங்கி நிற்கும்.

"ஆக," என்றேன், "என்னை ஒரு இடத்தைவிட்டுக் கிளப்புறதுக்காகக் குளிர்காலம் பூராவும் உட்கார்ந்து கோட்டு தைச்சு, அதைக் குடுத்துக் கொம்பு வாங்கி, வலை விரிச்சிருக்கே. நீயெல்லாம் ஒரு பெண்டாட்டியா?"

வெர்னா முதல் தடவையாகக் கொஞ்சம் முகம் வாடினாள். காப்பியை ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

"வலைக்காக யாராவது அவ்வளவு மணி கோப்பாங்களா? ஞாயித்துக்கிழமை உன் பொறந்த நாளு. அதுக்குத்தான் வாங்கினேன். டெல்மர் கேட்டப்ப முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உட்கார்ந்திருந்தா, அவன் கொம்பை எங்கிட்டயே திருப்பிக் குடுத்திருப்பான், ஞாயித்துக்கிழமை காலையில கொம்பும் உனக்கு, இடமும் உனக்கு."